போர் உடைகள் – 9: பட்டுக் கயிற்றில் தொங்கிய இரும்பு

ஐரோப்பிய வீரனின் எஃகுச் சட்டையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் கொல்லர்தான் கதாநாயகர். ஜப்பானிலோ, கொல்லர் வேலை முடிந்த பிறகும் தோல் வேலைக்காரர், மெருகு பூசுபவர், கயிறு பின்னுபவர் எனப் பலர் காத்திருப்பார்கள். சாமுராய் கவசத்தின் உயிர் அந்தக் கயிற்றில்தான் இருந்தது.

குதிரைமேல் அமர்ந்து அம்பெய்த வீரர்களுக்காக, 10-ம் நூற்றாண்டு வாக்கில் உருப்பெற்றது ‘ஓ-யொரோய்’. விரல் நீளமுள்ள ‘கோசானே’ என்ற செதில்கள்தான் இதன் அடிப்படை. எல்லாமே இரும்பல்ல, பெரும்பகுதி கெட்டியான மாட்டுத்தோல். முழுக்க இரும்பென்றால் சுமக்க முடியாது என்பதால், உயிர்நிலையான இடங்களில் மட்டும் இரும்பும் தோலுமாக மாற்றி மாற்றிக் கோத்தார்கள். அப்படியும் மொத்த எடை 30 கிலோவை நெருங்கியது.

ஒரு செதிலில் பெரும்பாலும் 13 துளைகள். ஒன்றின் பாதி அடுத்ததன்மேல் ஏறும்படி அடுக்கித் தோல்வாரால் கட்டினால், எங்கே தொட்டாலும் இரட்டைத் தடிமன். அந்த வரிசையின்மேல் உருஷி மரத்துப் பாலைப் பல தடவை பூசுவார்கள். ஈரம் மிகுந்த நாட்டில் இரும்பு துருப்பிடிக்காமலும் தோல் ஊறிப்போகாமலும் காத்தது அதுதான். பிறகு வரிசைகளை மேலும் கீழுமாகப் பட்டுக் கயிற்றால் பிணைப்பார்கள். அம்பு தைத்தால் வரிசைகள் சற்றே அசைந்துகொடுத்து அதன் வேகத்தைத் தணிக்கும். நெஞ்சுப் பகுதியில் மட்டும் சித்திரம் பதித்த தோல் போர்த்தியிருக்கும். வில்லின் நாண் செதிலில் மாட்டாமல் வழுக்கிப் போக வேண்டுமே! இரு கைகளும் வில்லுக்கே போய்விட்டதால், கேடயம் பலகை போலத் தோள்களில் தொங்கியது.

15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்நாட்டுப் போர்கள் ஓயாமல் நீண்டன. ஈட்டி ஏந்திய காலாட்படைகள் பெருகின. அப்போது கயிறே வினையாயிற்று. நனைந்தால் கனத்தது, குளிரில் உறைந்தது, சேறு படிந்தால் போகவில்லை, பேன் குடியேறியது. வழுக்கி விலக வேண்டிய ஈட்டிமுனை பின்னலில் சிக்கி நின்றது. 1543-ல் தனேகஷிமா தீவுக்குப் போர்த்துகீசியரோடு துப்பாக்கியும் வந்து சேர்ந்தது. அகலமான இரும்புத் தகடுகளை ஆணியால் இறுக்கிய ‘தோசெய் குசோகு’ பரவியது. கயிறு குறைந்தது. சில கவசங்களைச் சுட்டுச் சோதித்து, குண்டு பட்ட பள்ளத்தை அத்தாட்சியாக அப்படியே விட்டுவைத்தார்கள்.

தொகுகாவா ஆட்சியில் அமைதி திரும்பியது. கவசம் ஊர்வலத்துக்கும் அலங்காரத்துக்கும் என்றானதும், பழைய பின்னல் மறுபடி மோஸ்தரானது. இதைப் பொறுக்காத சகாகிபாரா கோசான் என்ற அறிஞர் 1800-ல் ஒரு நூலே எழுதினார். மேலே சொன்ன சேறும் பேனும் அவர் அடுக்கிய குறைகள்தாம். ஆனால் 1638-ல் ஷிமாபரா கலகம் அடங்கியபின் பெரும்போரையே காணாத நாடு அது. பேன் ஏறும் அளவுக்குக் கவசத்தை யாரும் அணிந்திருக்கவில்லை.

(அடுத்த வாரம்: எதிரியை மிரட்டிய தலைக்கவசங்கள்)