வவுச்சர் எங்கே சார்?

பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் எங்கள் தாத்தா. இது அத்தைக்குத் தெரியும், பெரியப்பாவுக்குத் தெரியும், ஊரில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். விக்கிபீடியாவுக்கு மட்டும் தெரியாது.

சரி, தெரியப்படுத்திவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே, தமிழ் விக்கிபீடியாவில் எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்தேன். ‘தொகு’ என்று இருந்த இடத்தில் அமுக்கி, ‘இவ்வூரின் மாபெரும் வள்ளலான…’ என்று ஆரம்பித்து நாலு வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன். கண் லேசாகக் கலங்கியது. சேமித்துவிட்டுக் காபி போடப் போனேன்.

டிகாக்ஷன் இறங்குவதற்குள் நாலு வரியும் காணோம்!

யாரோ ஒரு புண்ணியவான் அழித்துவிட்டுக் காரணமும் எழுதி வைத்திருந்தார். சான்று இல்லையாம். நடுநிலையான நடையும் இல்லையாம். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. மறுபடி போட்டேன். மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை போட்டபோது ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்: ‘நீங்கள் அவருக்கு உறவினரா?’

(ஆங்கில விக்கிபீடியாவில், ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் எழுதியதைப் புரட்டிப் போட்டால் உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்திவிடுவார்கள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.)

அடியேன் பி.காம். ஒரு ஆடிட் ஆபீஸில் மூன்று வருஷம் பச்சை மையில் டிக் அடித்தவன். அந்தக் கேள்வியைப் படித்ததும், கோபத்துக்கு நடுவிலும் அங்கிருந்த சீனியர் ஞாபகத்துக்கு வந்தார். பேரேட்டில் விரலை வைத்து, “இதுக்கு வவுச்சர் எங்கே?” என்பார்.

“சார், நிஜமாவே செலவாச்சு சார். சாமி சத்தியமா!”

“செலவாகலைன்னு நான் சொல்லவே இல்லையே. வவுச்சர் எங்கேன்னுதானே கேக்கறேன்?”

விக்கிபீடியாவின் மொத்த வேதாந்தமும் இந்த டயலாக்கில் அடக்கம்.

ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்று இரண்டு அமெரிக்கர்கள் 2000-ல் நூபீடியா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நிபுணர்கள் எழுத வேண்டும், மற்ற நிபுணர்கள் ஏழு கட்டமாகச் சரிபார்க்க வேண்டும். நம்ம ஊர் கட்டட பிளான் அப்ரூவல் மாதிரிதான் நகர்ந்தது. வெறுத்துப்போய் 2001 ஜனவரி 15-ல் ‘யார் வேண்டுமானாலும் எழுதலாம்’ என்று பக்கத்தில் ஒரு கடை போட்டார்கள். அதுதான் விக்கிபீடியா. எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்ததும் சண்டை.

முகம் தெரியாது, படிப்பு தெரியாது, ஊர் தெரியாது. இரண்டு பேர் ‘நான் சொல்வதுதான் உண்மை’ என்று மல்லுக்கு நின்றால், தீர்ப்புச் சொல்ல நாட்டாமையும் கிடையாது. அதனால்தான் ஆடிட்டர் புத்தி. எது உண்மை என்று தீர்ப்பு எழுதுவது நம் வேலை இல்லை. நம்பத்தக்க இடத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறதா, அதைக் காட்டு. காட்ட முடியாவிட்டால் வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று ஒரு குறிப்பு ஒட்டிக்கொள்ளும். டிரையல் பேலன்ஸ் ஒட்டாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளுவோமே, அது!

வவுச்சர் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் சீகன்தாலர் சாட்சி. அமெரிக்காவின் மதிப்புள்ள பத்திரிகையாளர். 1960-களின் ஆரம்பத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர், அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். 2005 மே மாதம் யாரோ அவர் பக்கத்தில், கென்னடி சகோதரர்கள் இரண்டு பேரின் கொலையிலும் இவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டதாக எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த வரி நாலு மாதத்துக்கு மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒரு ஆள் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயது மனிதர், ‘யுஎஸ்ஏ டுடே’யில் பொங்கி எழுதினார். விசாரித்தால், நாஷ்வில் நகரத்தில் டெலிவரி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், கூட வேலை செய்பவரிடம் காட்டிச் சிரிக்க விளையாட்டாக எழுதியது! பயந்துபோய் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். ‘அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று முதலாளியிடம் சிபாரிசு செய்தது யார் தெரியுமோ? சீகன்தாலரேதான்.

அதே வருஷம் டிசம்பரிலிருந்து, பெயர் பதிந்துகொள்ளாதவர்கள் ஆங்கில விக்கிபீடியாவில் புதுப் பக்கம் தொடங்க முடியாது என்று ஆனது.

இந்த ‘நடுநிலை’ இருக்கிறதே, அதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நானும்தான். இந்தத் தட்டில் அரைக் கிலோ, அந்தத் தட்டில் அரைக் கிலோ என்று நிறுத்துப் போடும் சமாசாரம் இல்லை அது. பூமி தட்டை என்று அடித்துச் சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதற்காகப் பூமியைப் பற்றிய கட்டுரையில் பாதியை அவர்களுக்கு எழுதி வைக்க முடியுமா? நல்ல புத்தகங்களும் பத்திரிகைகளும் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் தந்திருக்கின்றனவோ, அந்த விகிதத்தில்தான் இங்கேயும். பார்ட்னர்ஷிப்பில் போட்ட முதலுக்கு ஏற்ற லாபப் பங்கு! அப்புறம் ‘மாபெரும்’, ‘ஒப்பற்ற’, ‘வள்ளல்’ எல்லாம் கட். பட்டம் இல்லாமல் ஒரு தலைவர் பெயரைச் சொல்லியே பழகாத நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

சண்டைகள் பெரிய விஷயத்துக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ‘ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னெஸ்’ என்று 2013-ல் ஒரு படம் வந்தது. அதில் ‘இன்டு’வின் முதல் எழுத்து பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? நாற்பதாயிரம் வார்த்தைக்கு மேல் வாதாடினார்கள். இரண்டு நாவல் எழுதியிருக்கலாம். போலந்தின் துறைமுக ஊர் ஒன்று, போலிஷ்காரர்களுக்கு க்டான்ஸ்க், ஜெர்மானியர்களுக்கு டான்சிக். மாற்றி மாற்றி அழித்து ஓய்ந்து, 2005-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 1308 முதல் 1945 வரையிலான சரித்திரத்துக்கு டான்சிக், மற்ற காலத்துக்கு க்டான்ஸ்க் என்று பாகப்பிரிவினை செய்தார்கள்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? ஆங்கில விக்கிபீடியாவில் இந்தியா சம்பந்தப்பட்ட பக்கங்களின் முதல் வரியில் பெயரை இந்திய எழுத்துகளில் போடுவதைப் பொதுவாகவே தவிர்க்கிறார்கள். எந்த மொழி, எது முதலில் என்று அத்தனை அடிதடி! தமிழ் விக்கிபீடியாவில் (2003-ல் பிறந்தது) ‘ஜார்ஜ்’ என்று எழுதுவதா, கிரந்தம் நீக்கி ‘சியார்ச்சு’ என்று எழுதுவதா என்று ஒரு தீராத வழக்கு உண்டு. இதையெல்லாம் கூடிப் பேச அங்கே இருக்கும் பக்கத்துக்குப் பெயர் ஆலமரத்தடி. சொம்பு மட்டும்தான் பாக்கி.

இனி, முதலாளியே நேரில் வந்து ‘நான் சொல்றேன், எழுதிக்கோப்பா’ என்றால்? அதுவும் நடந்தது. பிலிப் ராத் பெரிய நாவலாசிரியர். அவருடைய ‘தி ஹ்யூமன் ஸ்டெயின்’ நாவலின் நாயகன், அனடோல் ப்ரோயார்ட் என்ற விமர்சகரை வைத்து உருவானதாகச் சொல்லப்படுகிறது என்று விக்கிபீடியாவில் இருந்தது. ‘இல்லவே இல்லை, அது என் நண்பர் மெல்வின் டூமினுக்கு நடந்த சம்பவம்’ என்று ராத் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வந்த பதில்: எழுதியவர் சொல்வது சரிதான், ஆனாலும் வேறு யாராவது அச்சில் சொல்லியிருந்தால் தேவலை! மனிதர் நொந்துபோய் 2012 செப்டம்பரில் ‘நியூ யார்க்கர்’ பத்திரிகையில் நீ…ளமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்புறம் என்ன? அந்தக் கடிதமே சான்றாகி, அவர் சொன்னது பக்கத்தில் ஏறியது. சொன்னவர் அதே ஆள்தான். இப்போது வவுச்சர் இருக்கிறது.

சிரிக்கலாம். ஆனால் எந்த வவுச்சரையும் நம்பலாமா என்பது வேறு விவகாரம். கோவாட்டி என்று ரக்கூன் வகையறாவில் ஒரு பிராணி. 2008-ல் ஒரு அமெரிக்க மாணவர், இதற்கு ‘பிரேசிலின் ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் என விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். ஆர்ட்வார்க் என்பது ஆப்பிரிக்கப் பிராணி, ரெண்டுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் விக்கிபீடியாவைப் பார்த்து அந்தப் பெயரை அச்சிட்டன. அச்சான செய்தி, விக்கிபீடியாவிலேயே சான்றாக வந்து உட்கார்ந்தது! தன் சிஸ்டர் கன்சர்னுக்குத் தானே பில் போட்டு விற்பனையை ஏற்றிக் காட்டும் கம்பெனிகளை ஆடிட்டில் பார்த்திருக்கிறேன். அதே டெக்னிக்.

இதற்கு நேர் எதிரான கேஸ்தான் எனக்கு உறுத்துகிறது. சரக்கு இருக்கும், வவுச்சர் இருக்காது. டோனா ஸ்டிரிக்லண்ட், கனடா நாட்டு லேசர் விஞ்ஞானி. அவரைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை 2018 மே மாதம், பிரபலம் என்று காட்டப் போதிய சான்று இல்லை எனத் திருப்பி அனுப்பினார்கள். அக்டோபர் 2-ம் தேதி பௌதிகத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஐம்பத்தைந்து வருஷங்களில் அதை வாங்கிய முதல் பெண், டோனா! அன்று காலை வரை அவருக்கு விக்கிபீடியாவில் பக்கமே கிடையாது. திருப்பி அனுப்பியவர் விதிப்படிதான் நடந்தார். பத்திரிகைகள் அதுவரை அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நோபல் பரிசு வாங்குபவருக்கே இந்தக் கதி என்றால், ஒரு வரிகூட அச்சில் வராமல் செத்துப்போன எங்கள் தாத்தாக்களை யார் ஏற்றுவது?

இந்த ஆவேசத்தோடுதான் நானே வவுச்சர் தேடப் புறப்பட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கல்வெட்டு இருந்தது. திறந்துவைத்த மந்திரி பெயர் இருந்தது, காண்ட்ராக்டர் பெயர் இருந்தது, தாத்தா இல்லை. ஆண்டுவிழா மலரில் ஹெட்மாஸ்டர் வாழ்த்துரையும் ஜவுளிக்கடை விளம்பரமும். கடைசியாக சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ். மனுப் போட்டு, நாலு நடை நடந்து, பழைய பத்திரத்தின் நகலை வாங்கிவிட்டேன். தாத்தாவின் பெயர், தகப்பனார் பெயர், நான்கெல்லை எல்லாம் கனகச்சிதம்.

ஆனால் மேலே இருந்தது ‘தானப் பத்திரம்’ இல்லை. ‘கிரயப் பத்திரம்’. பள்ளிக்கூடக் கமிட்டியிடம் தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, சுத்தமாக விற்றிருக்கிறார்.

அப்பாவிடம் நகலை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார். “இடம் குடுத்தார்னுதானே சொன்னோம்? சும்மா குடுத்தார்னு யாருடா சொன்னது?” என்று மடித்துக் கொடுத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

இதை விக்கிபீடியாவில் போட முடியுமா என்றால், அதுவும் சிக்கல். பத்திரத்தைப் படித்து நானே ஒரு முடிவுக்கு வந்தால் அது சொந்த ஆராய்ச்சி. அதற்கும் அங்கே அனுமதி இல்லை. நகல் இப்போது பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது.

போன வாரம் அத்தை போன் செய்தாள்.

“ஏண்டா, தாத்தாவைப் பத்திக் கம்ப்யூட்டர்ல போடறேன்னியே, போட்டியா?”

“சான்று கேக்கறாங்க அத்தை.”

“சான்றா? எங்கப்பாவுக்கா? நான் ஒருத்தி உயிரோடதானே இருக்கேன்… என் நம்பரைக் குடு, நான் பேசறேன்!”