ஒரே வருஷத்தில் 18 லட்சம் செடிகள்... ஆனாலும் ஆபத்துப் பட்டியலில் ஏன்? கலிபோர்னியா மணல்மேட்டில் நடக்கும் சண்டை

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி சுமார் 65 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது அல்கோடோனஸ் மணல்மேடு. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1983-ல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்’ படத்தின் பாலைவனக் காட்சிகளை இங்கேதான் எடுத்தாங்க. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் லீவு வந்துட்டா, மணலில் பைக்கும் பக்கியும் ஓட்டுறதுக்காகவே ஒரு லட்சம் பேருக்கு மேல் குவிந்துவிடுவார்கள்.

அந்த டயர்களுக்கு நடுவில்தான் வளர்கிறது ‘பியர்சன் மில்க்வெட்ச்’. நம்ம அவரை, துவரை இருக்கும் அதே குடும்பம். வெள்ளி மாதிரி மின்னும் ரோமம் படர்ந்த செடி, ஊதா நிறப் பூ. அமெரிக்காவில் இந்த ஒரு மணல்மேட்டைத் தவிர வேறெங்கும் இது கிடையாது.

ஒரு செடி, இரண்டு அந்தஸ்து

கலிபோர்னியா மாநில அரசு 1979-லேயே இதை ‘அழியும் நிலையில் உள்ளது’ என்று அறிவித்துவிட்டது. மத்திய அரசின் மீன் மற்றும் வனவிலங்குத் துறை 1998-ல் கொடுத்த அந்தஸ்து ஒரு படி கீழே: ‘அச்சுறுத்தலில் உள்ளது’. அதாவது இப்போதே அழிவின் விளிம்பில் இல்லை, இப்படியே விட்டால் அங்கே போய்விடும் என்று அர்த்தம்.

2000-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் போட்ட வழக்கில் சமரசம் ஏற்பட்டு, சுமார் 49,000 ஏக்கரில் வண்டி ஓட்டத் தடை வந்தது. வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? செடியை எண்ணச் சொல்லி ஆய்வாளர்களை அமர்த்தினார்கள். ‘இவ்வளவு செடி இருக்கே, பட்டியலில் இருந்து தூக்குங்க’ என்று மனு போட்டார்கள்.

எண்ணிக்கையில்தான் சிக்கல்

நல்ல மழை பெய்த 2005-ல் அரசே போட்ட மதிப்பீடு சுமார் 18 லட்சம் செடிகள். அடுத்த வருஷம் மழை ஏமாற்றியதும் அது ஒரு லட்சத்துக்கும் கீழே சரிந்தது. இதில் எந்த எண்ணை நம்புவது?

பதில் விதையில் இருக்கு. இந்தச் செடியின் விதை, வட அமெரிக்காவில் இதே பேரினத்தைச் சேர்ந்த செடிகளின் விதைகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பெரிய விதை என்பதால் ஆழமாக மணல் மூடினாலும் முளைத்து மேலே வந்துவிடும். மழைக்காகப் பல வருஷம் மணலுக்குள்ளேயே காத்திருக்கவும் செய்யும். அதனால் ஒரு நல்ல மழைக்கு லட்சக்கணக்கில் முளைப்பது பெரிய விஷயமே இல்லை.

ஆனால் அதில் பெரும்பாலானவை முதல் வருஷத்துக் குட்டிச் செடிகள். கோடையைத் தாண்டுவது கொஞ்சம்தான். அப்படித் தாண்டி இரண்டாவது, மூன்றாவது வருஷம் நிற்கும் செடிதான் விதையை அள்ளிக் கொட்டும். அந்தச் செடியின் மேல் ஒரு டயர் ஏறினால் போவது ஒரு செடி மட்டுமில்லை, அடுத்த நல்ல மழைக்கான விதைச் சேமிப்பும்தான். தலையை எண்ணிப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது இங்கே எடுபடாது. பட்டியலில் இருந்து நீக்கக் கோரிய மனுக்களை 2004, 2008 என இரண்டு முறை மத்தியத் துறை நிராகரித்தது.

அப்போ செடி ஜெயிச்சிடுச்சா?

முழுசா இல்லை. அந்தஸ்தைத் தொடவில்லை, நிலத்தைச் சுருக்கினார்கள். செடி பிழைக்க அவசியமான வாழிடம் என்று 2004-ல் குறித்தது 21,836 ஏக்கர். 2008-ல் அது 12,105 ஏக்கர் ஆனது. 2013-ல் வந்த புதிய நிர்வாகத் திட்டத்தில், 2000-ல் மூடிய நிலத்தின் பெரும்பகுதி மறுபடியும் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. வடக்கே நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுமார் 26,000 ஏக்கர் வனப்பகுதியில் இன்றும் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை.