டிகிரி மட்டும் உயிரைக் காக்காது

2015 ஜூனில் பாகிஸ்தானின் கராச்சியில் வெயில் 45 டிகிரி செல்சியஸை நெருங்கியது. அதே சிந்து மாகாணத்து ஜேக்கபாபாத் மக்களுக்கு 50 டிகிரிகூடப் பழகிப்போன கோடைதான். ஆனால் சாவு விழுந்தது கராச்சியில். சில நாட்களில் சுமார் 1,200 பேர். கடல்காற்று நின்றுபோய்ப் புழுக்கம் ஏறியது, மின்வெட்டு தொடர்ந்தது, ரமலான் நோன்பு வேறு. பிணவறைகளில் இடமில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியாவில் 2,000க்கும் மேற்பட்டோர் வெப்ப அலைக்குப் பலியாகியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரம், தெலங்கானாவைச் சேர்ந்தவர்கள்.

ஒரே டிகிரி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கொல்வதில்லை. அதனால்தான் ‘நாளை 42 டிகிரி’ என்று சொல்வதோடு நிற்காமல், அந்த வெயில் யாரை என்ன செய்யும் என்றும் சொல்ல வேண்டும் என்கிறது உலக வானிலை அமைப்பு. தாக்கம் சார்ந்த முன்னறிவிப்பு என்பது இதுதான். ஈரப்பதம், தணியாத இரவுச் சூடு, தகரக் கூரைகள், வெட்டவெளியில் வேலை செய்வோர், தனித்து வாழும் முதியோர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

அகமதாபாத் இதைச் செய்து காட்டியது. 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். எந்த வெயிலில் தன் ஊரில் சாவு கூடுகிறது என்று நகரமே கணக்கிட்டு, 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனைகள் தயாராகின்றன, குடிநீர் ஏற்பாடு நடக்கிறது. இதனால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று பிற்பாடு ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

வெயிலும் பனியும் பாஸ்போர்ட் காட்டி எல்லை தாண்டுவதில்லை. குளிர்காலத்தில் இருபுறப் பஞ்சாபிலும் தொடங்கும் மூடுபனி, நேபாளத் தராய், வங்கதேசத்தின் வடக்கு வரை ஒரே போர்வையாகப் படர்கிறது. பகலிலும் சூரியன் தெரியாத அந்த நாட்களில் கூலி வேலை நின்றுபோகிறது. குழந்தைகளுக்கு நிமோனியா வருகிறது. முன்னறிவிப்புக்கான பெரிய கணினி வசதி இல்லாத நாடுகளும் பயன்பெறவே பாங்காக்கை ஒட்டி இயங்கும் ரைம்ஸ் என்ற பன்னாட்டு முன்னெச்சரிக்கை அமைப்பும், தெற்காசிய நீர்-வானிலை மன்றமும் முன்னறிவிப்பாளர்களை ஒன்றுசேர்க்கின்றன. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் வடக்கு, கிழக்கு மாவட்டங்களுக்கு, உடல் உணரும் வெப்பத்தை வைத்தே எச்சரிக்கை விடுகிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு பெருங்குறை உண்டு. செயற்கைக்கோள் படங்கள் எல்லை தாண்டும் வேகத்தில் மருத்துவமனைக் கணக்குகள் தாண்டுவதில்லை. எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரியாமல் ‘தாக்கம்’ எப்படிக் கணிக்க முடியும்? அரசுகள் முதலில் பகிர வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இனி, பாதிக்கப்படுவோரின் உரிமைக்கு வருவோம். இந்தியாவின் தேசியப் பேரிடர் பட்டியலில் குளிர் அலைக்கு இடம் கிடைத்தது. வெப்ப அலைக்காக அந்தப் பட்டியலை விரிக்க 15-வது நிதி ஆணையம் இசையவில்லை. ஆனால் மாநிலங்கள் தங்கள் பேரிடர் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை, அந்தப் பட்டியலில் இல்லாத உள்ளூர்ப் பேரிடர்களுக்கு ஒதுக்கலாம். அந்த வழியில் 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் வெயில்தான் காரணம் என்று பதிவாகியிருந்தால்தான் அது கைக்கு வரும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலை செய்தபோது விழுந்தார் என்று சொல்லி எழுதவையுங்கள். உடல் வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். இறப்பு நேர்ந்தால், துயரத்திலும் பிரேதப் பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள்.

பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவதும் அடிப்படை உரிமையே என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குஜராத்தில் தொடங்கிய சேவா பெண்கள் அமைப்பு, வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே உறுப்பினர்களுக்குப் பணம் தரும் காப்பீட்டை நடத்துகிறது. வெயிலுக்கு அஞ்சி வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போகும் பெண்களுக்கு, எச்சரிக்கையை மதிக்க அது ஒரு வழி.

எச்சரிக்கை நாளில் ஒருவர் குழறிப் பேசினாலோ மயங்கினாலோ, இந்தியாவில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளிர் அலை நாட்களில் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.