புதுக் கணினி, வராத நெட்

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி முதல் தடவை உயிர்பெற்று, மின்விசிறி சுழன்று, திரையில் எழுத்து வந்துவிட்டால் பாதி வேலைக்கு மேல் முடிந்தது. பிராசஸர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. அதற்குப் பிறகு பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இணையம். விண்டோஸ் ஏறிவிடும், திரையின் ஓரத்தில் ‘நெட் இல்லை’ என்று அந்தச் சின்ன உருண்டை மட்டும் நிற்கும். உடனே கை போவது நெட் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணுக்கு. கொஞ்சம் பொறுங்கள். இந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள், பழுது நம் பக்கமா அவர்கள் பக்கமா என்பதையாவது கண்டுபிடித்துவிடலாம்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் பக்கத்து வீட்டில் வருகிறதா என்றுதான் முதலில் கேட்போம். இங்கே பக்கத்து வீடு உங்கள் போன். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் வைத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். வைஃபை செத்திருந்தாலும் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவி, எல்லாம் நன்றாக இருப்பதுபோலக் காட்டிவிடும். போனில் நெட் வந்தால் தெருவிலிருந்து ரவுட்டர் வரைக்கும் பழுதில்லை. போனிலும் வராமல், ஃபைபர் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், கம்பியில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அது அறுந்திருக்கலாம், எங்காவது அழுத்தமாக மடங்கியிருக்கலாம். அப்போது தாராளமாகக் கம்பெனியைக் கூப்பிடலாம்; கணினியைத் தொடவே வேண்டாம்.

போனில் வருகிறது, கணினியில்தான் வரவில்லை என்றால், கணினிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். லேன் கேபிள் செருகியிருந்தால் அந்தத் துளையின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? கேபிளை உருவி மறுபடி செருகுங்கள், ‘டிக்’ என்று பிடிக்கும்வரை. பிடிக்காமல் முரண்டு செய்தால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மதர்போர்டோடு தனியாக ஒரு மெல்லிய தகடு வந்திருக்குமே, பெட்டியின் பின்பக்கம் பொருத்துவது, அதன் சிறு நாக்குகளில் ஒன்று போர்டை உள்ளே தள்ளும்போது மடங்கி லேன் துளைக்குள் நீட்டிக்கொண்டு நிற்பது புதிதாகப் பூட்டிய கணினிகளில் நடக்கக்கூடியதுதான். கணினியின் மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு, போர்டைக் கழற்றித் தகட்டை நிமிர்த்த வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

வைஃபை என்றால் இரண்டு கேள்விகள். ஒன்று, உங்கள் போர்டில் வைஃபை உண்மையிலேயே இருக்கிறதா? ஒரே மாடல் பெயரில் வைஃபை உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை விற்பார்கள். பெயரின் வாலில்தான் வேறுபாடு இருக்கும். ரிச்சி தெருவில் ஐந்தாறு கடை ஏறி இறங்கி விலை கேட்கும் அவசரத்தில் அந்த வால் கண்ணில் படாமல் போய்விடும். இரண்டு, ஆன்டெனாவைத் திருகினீர்களா? போர்டுப் பெட்டிக்குள் தனி உறையில் கிடக்கும் அந்த இரண்டு கொம்புகளை வேண்டாத பொருள் என்று ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. கணினிப் பெட்டி இரும்பு. அது அலையை மறைக்கும். ஆன்டெனா இல்லாமலும் சில நேரம் ஒரு கோடு சிக்னல் காட்டும், பிறகு அறுந்துபோகும். இது மோசமான ஏமாற்று, ஏனென்றால் நீங்கள் ரவுட்டரைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். புதுக் கணினியில் நெட் வராததற்கு நான் முதலில் சந்தேகிப்பது டிரைவரைத்தான். லேன் சில்லிடம் எப்படிப் பேச வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறு மென்பொருள் அது. பழைய சில்லுகளுக்கான டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வந்துவிடும். ஆனால் உங்கள் போர்டில் உள்ள 2.5 ஜிகாபிட் லேன் சில்லோ, வைஃபை 6இ அல்லது 7 சில்லோ, நீங்கள் பென் டிரைவில் வைத்திருக்கும் விண்டோஸ் கோப்பு உருவான பிறகு சந்தைக்கு வந்ததாக இருக்கலாம். விண்டோஸுக்கு அதைத் தெரியாது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். முன்பெல்லாம் போர்டோடு ஒரு சிடி கொடுப்பார்கள். இப்போது கொடுத்தாலும் அதைப் போட கணினியில் இடமில்லை.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் அந்தப் பெயர் இருக்கும். ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் லேன் பெயர் இல்லாமல், ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. உள்ளே போனால் குறியீடு 28 என்று சொல்லும்: டிரைவர் ஏற்றப்படவில்லை. வெறும் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று இருந்தால் பெரும்பாலும் அது வைஃபை. சில்லு யாருடையது என்று தெரியாவிட்டால் அதன் ப்ராப்பர்டீஸில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைப் பாருங்கள். நிறுவனத்தைக் குறிக்கும் எண் அங்கே இருக்கும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக். இன்டெல் தன் அடையாளத்துக்கு 1978இல் வெளியிட்ட பிராசஸரின் எண்ணையே எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்த விஷயம். பட்டியலில் மஞ்சள் முக்கோணமும் இல்லை, லேன் பெயரும் இல்லை என்றால் பயாஸுக்குள் போய், போர்டின் லேன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரைவரை எப்படிக் கொண்டுவருவது? எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, போன் அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போடுங்கள். இதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையைத்தான் கணினிக்குக் கடத்தும், டேட்டா செலவாகாது. விண்டோஸ் 11 நிறுவும்போதே நெட் கேட்டு அடம்பிடித்து நிற்கிற கட்டத்திலும் இதே வித்தை கைகொடுக்கும். ஐபோனுக்கு ஆப்பிளின் டிரைவர் தனியாக வேண்டும், அதனால் அந்த நேரத்துக்கு வீட்டில் யாரிடமாவது ஆண்ட்ராய்டு போனை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். நெட் வந்ததும் போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய், உங்கள் மாடலுக்குரிய லேன், வைஃபை டிரைவர்களை மட்டும் இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் நாங்களே போட்டுத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். புத்தம்புதுக் கணினியில் குப்பை சேர்வதற்கு அதுதான் வாசல்.

டிரைவர் போட்டும் சரியாகவில்லை, சில்லே பழுதோ என்ற பயம் வந்தால், உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். லினக்ஸின் கெர்னலோடு ஏராளமான டிரைவர்கள் சேர்ந்தே வருகின்றன. அதில் நெட் வந்தால் உங்கள் வன்பொருள் நலம். குறை விண்டோஸ் பக்கம்தான். போர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைவது மிச்சம்.

டிரைவர் இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. இப்போது கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடியுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராமல், கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள் சரியில்லை, அல்லது ரவுட்டர் மயங்கிக் கிடக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டு, கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் அதே பழுது திரும்பி வரும்.

முகவரி 192.168 என்று தொடங்கினால் ரவுட்டரோடு பேச்சு நடக்கிறது. அங்கேயே ‘டிஃபால்ட் கேட்வே’ என்று ஒரு எண் இருக்கும், அதுதான் ரவுட்டர். ‘பிங்’ என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுளின் பெயர்ச் சேவைக் கணினி, வீட்டுக்கு வெளியே உள்ளது. அதுவும் பதில் சொன்னால் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் செய்யுங்கள். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அந்தப் படியில்தான் பழுது. பிங் நிரலை மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதினார். அதே ஆண்டில்தான் பால் மொகபெட்ரிஸ், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். நாற்பது ஆண்டு கடந்தும் உங்கள் வீட்டுப் பழுதைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டும்தான். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ்தான் காரணம். நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இருக்கும் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 என்று நீங்களே எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

எல்லாப் பிங்கும் பதில் சொல்கிறது, உலாவி மட்டும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று ஒவ்வொரு தளத்துக்கும் கதவை அடைக்கிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். புது போர்டில் தேதி ஏதோ ஒரு பழைய வருடத்தில் நின்றிருக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு; உங்கள் கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் உலாவி எதையும் நம்பாது. தேதியைத் திருத்துங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது பழையபடி பின்னால் ஓடினால், போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியை மாற்றுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

ரவுட்டர் இல்லாமல், கேபிள்காரர் கொடுத்த வயரை நேராகக் கணினியில் செருகுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு தனிச் சிக்கல். சில இணைப்புகளில் பழைய கணினியின் மேக் முகவரியை, அதாவது லேன் சில்லுக்கே உரிய எண்ணை, அவர்கள் பதிந்து வைத்திருப்பார்கள். புதுக் கணினியின் எண் வேறு என்பதால் உள்ளே விடமாட்டார்கள். ‘கணினி மாற்றியிருக்கிறேன், மேக் மாற்றிக் கொடுங்கள்’ என்று ஒரே வரியில் சொன்னால் போதும். பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு டயல் செய்யும் இணைப்பாக இருந்தால் அதையும் புதுக் கணினியில் உருவாக்க வேண்டும்.

நெட் வந்துவிட்டது, வேகம் மட்டும் இல்லை என்றால் லேன் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் கணினி 95ஐத் தாண்டவில்லை, இணைப்பு வேகம் 100 என்று காட்டுகிறது என்றால் கேபிளில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடி. 100க்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு வயர் கிளிப்புக்குள் சரியாகக் கடிபடாவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதை யுஎஸ்பி 3 கருவிகளுக்குப் பக்கத்தில் செருக வேண்டாம். அவற்றின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கிறது என்று இன்டெல்லே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு சிறு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள், அல்லது ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், இறக்கிய லேன் டிரைவர் கோப்பை அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் பென் டிரைவிலேயே ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, போர்டின் மாடல் பெயரை அதற்கு வையுங்கள். எஸ்எஸ்டி மாற்றி மறுபடி நிறுவும் நாளில் அதே மஞ்சள் முக்கோணம்தான் முதலில் வந்து நிற்கும்.