கியர் போடும் ஆயில்

ஆட்டோமேட்டிக் காரில் கியரை மாற்றுவது கம்ப்யூட்டர்தான் என்று பலரும் நம்புகிறார்கள். இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டரே 1947-ல்தான் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமோ 1939-லேயே, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ‘ஹைட்ராமேட்டிக்’ கியர்பாக்ஸைக் கொண்டுவந்துவிட்டது. முன்னால் செல்ல நான்கு கியர். கிளட்ச் பெடல் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் எம்5 ரக இலகு டாங்கிகளிலும் அது ஓடியது. எந்த வேகத்தில் எந்த கியர் என்பதை அதில் முடிவு செய்தது ஆயிலின் அழுத்தம். இன்று மின்னணு வந்து சேர்ந்துவிட்டது, உண்மைதான். அதற்காக கியர்பாக்ஸ் ஆயிலை வெறும் மசகாக நினைப்பது பெரிய தவறு.

எஞ்சின் சுற்றும்போது அதனோடு இணைந்த பம்ப், ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. பழைய கியர்பாக்ஸில் இந்த அழுத்தம் இரண்டு சேதிகளாகப் பிரியும். ‘கவர்னர்’ என்ற பாகம் வண்டியின் வேகத்துக்கு ஏற்பச் சுழலும். வேகம் கூடக் கூட அதன் எடைகள் வெளிப்பக்கம் விலகி, கூடுதல் அழுத்தத்தை விடும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அதற்கேற்ப உருவாகும் அழுத்தம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே விரல் பருமனில் ஒரு உலோக உருளை: அதுதான் ஷிஃப்ட் வால்வு. ஒரு முனையை வேகத்தின் அழுத்தம் தள்ளும். மறுமுனையை மிதியின் அழுத்தமும் ஸ்பிரிங்கும் தள்ளும். இந்தத் தள்ளுமுள்ளில் வேகம் ஜெயித்தால் உருளை நகர்ந்து வழிவிடும், அடுத்த கியரின் கிளட்ச் பிஸ்டனுக்கு ஆயில் பாயும். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது கியர் தாமதமாக ஏறுவது இதனால்தான். ஏறிய அதே வேகத்தில் கியர் இறங்கவும் செய்தால் வண்டி இரண்டுக்கும் இடையே அல்லாடும் அல்லவா? அதற்கும் வழி வைத்தார்கள். உருளை நகர்ந்ததுமே, மிதியின் அழுத்தம் அதன்மேல் விழும் பாதை அடைபடும்படி பல கியர்பாக்ஸ்களை வடிவமைத்தார்கள். எதிர்ப்பு குறைந்துவிடுவதால், வேகம் நன்றாகத் தணிந்த பிறகே உருளை பின்வாங்கும். ஒரு வரி புரோகிராம்கூட இல்லாமல் இதைச் சாதித்தார்கள் என்பது இன்றைக்கும் வியப்புதான்.

அதெல்லாம் பழைய கதை, இப்போது சென்சாரும் கம்ப்யூட்டரும் அல்லவா முடிவெடுக்கின்றன என்று கேட்கலாம். முடிவெடுப்பது கம்ப்யூட்டர்தான். ஆனால் அது அனுப்பும் மின்சாரம், சோலனாய்டு என்ற சின்ன வால்வைத் திறந்து மூடுவதோடு சரி. கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயில். 100 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டன்மீது 10 பார் அழுத்தம் விழுந்தால், கிடைக்கும் விசை ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமம். அவ்வளவு விசையை அவ்வளவு சிறிய இடத்தில், கணப்பொழுதில் கொடுக்க ஆயிலே தோது. மின்கட்டுப்பாடு பழுதானாலும் பல கார்கள் ஒரே கியரில் நின்றபடி ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேரும்; சோலனாய்டுகள் செயலிழந்தால் ஆயில் எந்த வழியில் போக வேண்டும் என்பதை வால்வுகளின் அமைப்பிலேயே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ஒரே கியர் போதும் என்பதால், இந்தத் தொழில்நுட்பம் மெல்ல மறையலாம். சாலையில் இன்று ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளுக்கு அது ஆறுதல் ஆகாது.

‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று சில கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றிச் சொல்வதை ஏற்கத் தயக்கமாக இருப்பதும், இத்தனை வேலையும் ஆயிலை நம்பியிருப்பதால்தான். உருளைக்கும் அதன் துளைக்கும் நடுவே இருப்பது தலைமுடியின் பருமனைவிடக் குறைந்த இடைவெளி. சூட்டில் ஆயில் கெட்டு, கிளட்ச் தட்டுகளின் தேய்மானத் துகளும் கலந்தால் உருளை சிக்கும். கியர் உதறலோடு விழும். கடினமான பயன்பாட்டுக்கு உங்கள் காரின் கையேடு சொல்லும் கெடுவைப் பாருங்கள். அதில் குறிப்பிட்ட ரக ஆயிலையே ஊற்றுங்கள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், எஞ்சின் விசை போகும் சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது; உள்ளே சுழலும் பாகங்களுக்கு ஆயில் கிடைக்காது.