ஐஸ் ஹவுஸில் படித்த பெண்கள்

வீடு என்றாலே 'பத்திரம் யார் பேரில்?' என்றுதான் நாம் முதலில் கேட்போம். ஆனால் ஒரு வீட்டுக்குப் பெருமை சேர்ப்பவர்கள் பத்திரத்தில் பேர் உள்ளவர்களாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? சென்னை மெரீனா கடற்கரைச் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லமே இதற்குச் சாட்சி. பேர் மாறி எத்தனையோ வருஷமாகியும், ஆட்டோக்காரரிடம் 'ஐஸ் ஹவுஸ்' என்றால்தான் சட்டென்று புரியும்.

அது நிஜமாகவே ஐஸ் வைக்கக் கட்டிய வீடுதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி 1842-ல் கட்டினார். அங்கே குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளில் ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார்கள். மாதக்கணக்கில் கடலில் வந்து, வழியில் உருகியது போக மிச்சம் இங்கே இறங்கும். இன்று நாம் பிரிட்ஜில் தட்டி எடுக்கிற ஐஸுக்கு அன்று அவ்வளவு பாடு! இந்த ஊரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அடுத்து வாங்கியவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். ஜன்னல், வராந்தா எல்லாம் வைத்துக் குடியிருக்கும் வீடாக்கி, நீதிபதி கெர்னன் பேரில் 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கியது இங்கேதான். அதே வருஷம் ராமகிருஷ்ணானந்தர் இங்கே மடம் தொடங்கினார். 1902-ல் ஐயங்கார் காலமானார். பிறகு வீடு ஏலத்துக்குப் போயிற்று. ஒரு ஜமீன்தார் எடுத்தார். மடம் 1907-ல் மயிலாப்பூருக்குப் போய்விட்டது. பின்னால் வீடு அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

இனிமேல்தான் நம்ம கதை, தோழிகளே.

1886-ல் பிறந்த சுப்புலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். பெற்றவர்கள் மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911-ல் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை இவர்தான். அடுத்த வருஷமே, தன்னைப் போன்ற பால விதவைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் தொடங்கினார். சின்ன வயதிலேயே கணவரை இழந்த அவருடைய சித்தி வாலாம்பாளும் கூட நின்றார். பிராமணப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்தது அந்தக் காலக் கட்டுப்பாடு. சில வருஷங்களில் அந்த இல்லம் குடிவந்த இடம் இந்த ஐஸ் ஹவுஸ்!

வெளியே தலைகாட்டவே கூடாது என்று அடைத்து வைக்கப்பட்ட பெண்கள், கடற்காற்று வீசும் வீட்டில் புத்தகம் பிடித்தார்கள். பலர் ஆசிரியைகளாகித் தங்கள் காலில் நின்றார்கள். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் முதல்வரும் 'சிஸ்டர்' சுப்புலட்சுமிதான்.

எங்கள் குடும்பத்திலும் ஓர் அத்தைப்பாட்டி இருந்தார். ஒன்பது வயதில் எல்லாம் முடிந்துபோனவர். விசேஷம் என்றால் நூறு பேருக்குச் சமைப்பார். முகூர்த்த நேரத்தில் கொல்லைப்புறம் போய்விடுவார். பால் கணக்கு, வட்டிக் கணக்கெல்லாம் மனசிலேயே போடுவார். கடைசிவரை கையெழுத்துப் போடத் தெரியாது. யாராவது அவரை ஐஸ் ஹவுஸில் கொண்டுபோய் விட்டிருந்தால், கணக்கு டீச்சராகியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

1963-ல், சுவாமிஜியின் நூற்றாண்டில் அரசு இதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் வைத்தது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குத் தந்தது. இப்போது உள்ளே சுவாமிஜியின் வாழ்க்கை பற்றிய கண்காட்சி இருக்கிறது.

ஐஸ் வியாபாரிக்கு ஒரு பேர், நீதிபதிக்கு ஒரு பேர், சுவாமிஜிக்கு ஒரு பேர் என்று வீட்டுக்கு மூன்று பேர் அமைந்துவிட்டது. அங்கே படித்துக் கரையேறிய பெண்கள் பேரில் எதுவுமில்லை. போகட்டும். பீச்சுக்குப் போகும்போது அந்த வளைவான வீட்டைக் காட்டி, நம் பெண் குழந்தைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லி வைப்போமே! 'ஹோம்வொர்க் போர்' என்று சிணுங்குகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, சென்னை