முள் மறைக்கும் சூடு

கிருஷ்ணகிரியிலிருந்து பாரத்துடன் வரும் லாரிக்கு ஓசூர் வரை ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். முக்கி முனகி எல்லையைத் தாண்டினால் ஆனேக்கல் தாலுகாவின் அத்திப்பள்ளி. அங்கிருந்து சந்தாபுரா, பொம்மசந்திரா என்று பெங்களூர் வரை நெரிசல். வண்டி ஓடும்போது ரேடியேட்டரில் மோதிய காற்று இப்போது இல்லை. இன்ஜின் சூடாகிறது. பக்கத்தில் நிற்கும் காருக்கும் அதே கதிதான். ஆனால் அதன் டாஷ்போர்டில் முள் நடுவிலேயே சமர்த்தாக நிற்கிறது.

இது பழுது அல்ல, ஏற்பாடு. பல கார்களில் 80 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் வித்தியாசம் தெரியாதபடிதான் முள்ளை அமைக்கிறார்கள். அது சற்று ஆடினாலே சர்வீஸ் நிலையத்துக்கு ஓடிவரும் வாடிக்கையாளரைச் சமாளிக்கும் வழி! சில புதிய கார்களில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும். அது எரியும்போது ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் விளக்கு இன்னும் மோசம். அழுத்தம் அநேகமாக அற்றுப்போன பிறகுதான் கண் விழிக்கும்.

எனவேதான் தனியாக மீட்டர் பொருத்தும் பழக்கம். செலவில்லாத வழியும் உண்டு. சமீப வருடங்களில் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சின்னக் கருவி ஒன்றைச் செருகினால் தண்ணீரின் நிஜமான சூடு செல்போனில் தெரியும். ஆயில் அழுத்தம் மட்டும் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே இருப்பது அளக்கும் சென்சார் அல்ல, வெறும் சுவிட்ச். அழுத்தத்தை அளக்க அந்த இடத்தில் 'டி' இணைப்பு போட்டு இன்னொரு சென்சார் மாட்ட வேண்டும்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாக. ஒழுகாமல் இருக்கட்டும் என்று மெக்கானிக் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கெடும், அளவு தப்பும். இன்னொரு விபரீதமும் உண்டு. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்க, மீட்டர் சூடு குறைந்ததாகக் காட்டும்.

டயர் விஷயத்தில் அமெரிக்கா முந்திக்கொண்டது. ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பிறகு 2000-இல் சட்டம் வந்தது. சில வருடங்களில் புதிய கார்களுக்கு டயர் அழுத்த எச்சரிக்கை கட்டாயமானது. இந்தியாவில் 2020-இல் வந்த விதி வேறு ரகம்: ட்யூப்லெஸ் டயரும் இந்த சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை. சென்சார் வாங்கியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். காற்று குறைந்த டயர் மேலும் நசுங்கி மேலும் சூடாகும். அளக்க வேண்டியது காலையில், வண்டி எடுக்கும் முன்.

லாரி திரும்பிப் போகும் வழியில் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் உயிர்களைக் குடித்த இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால் முழுச் சுமையும் பிரேக் மீது. ஏர் பிரேக்கின் காற்றழுத்தத்தைக் காட்ட டாஷ்போர்டில் மீட்டர் இருக்கிறது. டிரம் பழுக்கக் காய்ந்து பிடிப்பு போவதைக் காட்ட எதுவும் கிடையாது. நாற்றம் வரும்போதுதான் தெரியும்.